சூரியனிடம் செல்லும் சாலை

கோடை விடுமுறையில் குழந்தைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போய்வரும் வழக்கம் நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு உண்டு. யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டு திரும்பியவர்கள் பலர். அங்கிருந்து வடக்கே இன்னும் ஒரு பகற்பொழுது காரோட்டினால், மோன்டானா மாநிலத்தின் உச்சியில், கனடா எல்லையைத் தொட்டுக்கொண்டு கிளேசியர் தேசியப் பூங்கா கிடக்கிறது. அதன் நடுவே ராக்கி மலைத்தொடரைக் குறுக்காகத் தாண்டுகிறது ஒரு சாலை. மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிவரை ஏறத்தாழ 50 மைல். நடுவில் 6,646 அடி உயரத்தில் லோகன் கணவாய். சாலையின் பெயரைத் தமிழில் சொன்னால் 'சூரியனிடம் செல்லும் சாலை' என்று ஆகும். எந்தப் புராணத்திலிருந்து எடுத்த பெயரோ என்று கேட்பவருக்குத் தோன்றும். அந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. அது பின்னால் வரும்.

முதலில் மலைக்கு உரியவர்கள். இம்மலைகளின் கிழக்குச் சரிவும் அதற்கப்பால் விரிந்த புல்வெளியும் பிளாக்ஃபீட் என்னும் பூர்வகுடி மக்களுக்குச் சொந்தமாக இருந்தன. அவர்கள் காட்டெருமை வேட்டையால் வாழ்ந்தவர்கள். வெள்ளையர்கள் தோலுக்காக அம்மிருகங்களை ஏறக்குறைய அடியோடு கொன்று தீர்த்த பிறகு, 1883-84ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான பிளாக்ஃபீட் மக்கள் பட்டினியால் மாண்டார்கள். அரசாங்கம் தருவதாகச் சொன்ன உணவு போதுமான அளவில் வந்து சேரவில்லை. இப்படி ஒடுங்கிப்போன ஒரு சமூகத்திடம்தான் 1895இல் அரசாங்கத் தூதர்கள் வந்து மலைப்பகுதியை விலைக்குக் கேட்டார்கள். மலையில் செம்பு கிடைக்கும் என்ற நப்பாசை அன்றைக்கு இருந்தது. 15 லட்சம் டாலருக்குப் பேரம் முடிந்தது. செம்பு கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் மரம் வெட்டவும் தங்களுக்கு உரிமை உண்டு என்று அந்த ஒப்பந்தத்தில் பிளாக்ஃபீட் மக்கள் எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1910 மே 11ஆம் தேதி ஜனாதிபதி டாஃப்ட் கையெழுத்திட்டு அவ்விடம் தேசியப் பூங்கா ஆனபின், பூங்காவுக்குள் அவ்வுரிமைகள் செல்லாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பிளாக்ஃபீட் மக்கள் அதை ஒப்புக்கொண்டதே இல்லை.

பூங்காவுக்கு முதலில் ஆள் கொண்டுவந்தது கிரேட் நார்தர்ன் ரயில்வே கம்பெனி. 1913இலும் 1915இலும் பெரிய மரக்கட்டட ஹோட்டல்களை அது திறந்தது. ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் குதிரை மீதேறி, விடுதிக்கு விடுதி பல நாள் சவாரி செய்து மலையைப் பார்ப்பார்கள். அதற்குப் பணமும் வேண்டும், பொழுதும் வேண்டும். இரண்டும் இல்லாதவருக்கு மலை தூரத்துக் காட்சிதான். பூங்காவின் முதல் மேற்பார்வையாளரான வில்லியம் லோகன் தொடக்கத்திலிருந்தே மலையைத் தாண்டும் மோட்டார் சாலை வேண்டும் என்று வற்புறுத்தி வந்தார். 1912இல் அவர் காலமானார். கணவாய் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பூங்காவின் மேற்கிலிருந்து கிழக்குக்குக் காரைக் கொண்டுபோக விரும்பியவர்கள் அதை ரயிலில் ஏற்றி அனுப்ப வேண்டியிருந்தது. தெற்கே மரையாஸ் கணவாய் வழியாக நெடுஞ்சாலை முடிந்த 1930ஆம் ஆண்டுவரை இதே நிலைதான்.

1916இல் தேசியப் பூங்காத் துறை ஏற்பட்டது. அதன் முதல் இயக்குநர் ஸ்டீவன் மேதர், போராக்ஸ் வியாபாரத்தில் பெரும் செல்வம் சேர்த்தவர். பணக்காரர்களுக்கு மட்டும் பூங்கா என்று இருந்தால் பொதுமக்கள் அதற்கு வரிப்பணம் தரமாட்டார்கள், கார் வைத்திருக்கும் சாதாரணக் குடும்பம் வந்து போக வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆனால் ஒவ்வொரு பூங்காவிலும் பல சாலைகள் போட்டுக் காட்டைக் கந்தலாக்குவதையும் அவர் விரும்பவில்லை. ஒரு பூங்காவுக்கு ஒரு பெரிய சாலை. மற்றவை காடாகவே இருக்கட்டும். இந்தக் கொள்கை கிளேசியரில்தான் பெரிய சோதனைக்கு உள்ளாயிற்று.

பூங்காத் துறையின் எஞ்சினியர் ஜார்ஜ் குட்வின் முன்னமே ஒரு வழி அளந்து வைத்திருந்தார். மேற்கிலிருந்து வரும் சாலை, லோகன் ஓடையின் பள்ளத்தாக்கில் நுழைந்து, 15 கொண்டையூசி வளைவுகளாகத் திரும்பித் திரும்பி மேலேறிக் கணவாயை அடையும். ஏற்றம் நூறடிக்கு எட்டடி. எஞ்சினியர் கணக்கில் அதில் குறை இல்லை. மலையேற்றத்துக்கு உலகெங்கும் கையாளும் முறை அதுதான். 1921இல் காங்கிரஸ் ஒரு லட்சம் டாலர் ஒதுக்க, மலையடிவாரத்தில் எளிதான பகுதிகளில் வேலையும் தொடங்கிவிட்டது.

1924ஆம் ஆண்டுக் கோடையில் மேதர் நேரில் பார்க்க வந்தார். உடன் குட்வின் இருந்தார். தாமஸ் வின்ட் என்ற இளைஞரும் இருந்தார். வின்ட் எஞ்சினியர் அல்லர். சாலையும் கட்டடமும் இயற்கைக்காட்சியோடு இசைந்து அமையும்படி திட்டமிடுவது அவர் தொழில். குதிரை மீதேறிப் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்த்தபோது, குட்வினின் வழியை வின்ட் நேரிடையாக மறுத்தார். பதினைந்து வளைவுகளை வெட்டினால் சுரங்கக்காரர்கள் புகுந்து குடைந்த மலை போலப் பள்ளத்தாக்கு முழுவதும் கோரப்பட்டுப் போகும் என்பது அவர் வாதம். அவர் காட்டிய மாற்று வழி வேறு: 'தோட்டச் சுவர்' என்று பெயர்கொண்ட நெடிய பாறைச் சரிவின் மார்பிலேயே, ஒரே ஒரு கொண்டையூசி வளைவோடு, சாய்வாக ஒரு கோடு இழுத்ததுபோல் சாலையை ஏற்றிவிடுவது. ஏற்றம் நூறடிக்கு ஆறடிதான். அச்சரிவு தென்மேற்கு நோக்கியது, வெயில் நன்றாக விழும் இடம். சாலை மலையை அதிகம் சிதைக்காது. மேலே போகப் போக எதிர்ச் சிகரங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு முன்னே விரியும்.

வயதிலும் பதவியிலும் மூத்த எஞ்சினியரின் திட்டத்தை, எஞ்சினியர் பட்டம் இல்லாத ஓர் இளைஞர் தலைவர் எதிரிலேயே மறுத்துப் பேசுவது எந்த அலுவலகத்திலும் சுலபமான காரியம் அன்று. மேதர் பெருமை ஒன்று உண்டென்றால், அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொண்டதுதான். இரு வழிகளையும் நடுநிலையில் நின்று பார்த்துச் சொல்லும்படி பொதுச் சாலைத் துறையைக் கேட்டார். அத்துறை அனுப்பிய எஞ்சினியர் ஃபிராங்க் கிட்ரிட்ஜ்.

கிட்ரிட்ஜ் வந்து சேர்ந்தபோது செப்டம்பர் பிறந்துவிட்டது. மலையில் பனி கொட்டத் தொடங்கினால் அளவை வேலை நின்றுபோகும். 32 ஆட்களோடு அவர் 21 மைல் தூரத்தை அளக்க முனைந்தார். காலையில் முகாமை விட்டு வேலையிடம் சேருவதற்கே சில நாட்களில் 3,000 அடி ஏற வேண்டியிருந்தது. அளவுச் சங்கிலியும் கருவியும் தூக்கிக்கொண்டு ஒரு காலடி அகலப் பாறை விளிம்பில் நடக்கவும், கயிற்றில் தொங்கிக்கொண்டு அடையாளமிடவும் எல்லாருக்கும் தைரியம் வந்துவிடாது. மூன்று மாதத்தில் ஆள் மாற்றம் நூற்றுக்கு முந்நூறு. அதாவது ஒவ்வோர் இடத்துக்கும் சராசரியாக மும்முறை புது ஆள் தேட வேண்டி வந்தது. ஓடிப்போனவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உயரத்தைக் கண்டு உடல் நடுங்குவது கோழைத்தனம் அன்று. கீழே விழாமல் நம்மைக் காக்க உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு அது. நவம்பரில் பனி வந்து துரத்தியபோது அளவை முடிந்திருந்தது. வின்ட் சொன்ன வழி கட்டத்தக்கது என்று கிட்ரிட்ஜின் தீர்ப்பு வந்தது. மேதர் அதை ஏற்றார். குட்வின் வேலையை விட்டு விலகினார்.

1925இல் டகோமா நகரத்து ஒப்பந்தக்காரர்களுக்கு மேற்குப் புறத்துக் கடினப் பகுதி, சுமார் 12 மைல், எட்டரை லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு விடப்பட்டது. ஒப்பந்தத்தில் ஒரு விசேஷ நிபந்தனை இருந்தது. காசு மிச்சம் என்று பெரும் வெடி வைத்து மலையைச் சிதறடிக்கக்கூடாது. சிறுசிறு வெடிகளாக வைத்து, வேண்டிய பாறையை மட்டும் பெயர்க்க வேண்டும். தாங்கு சுவர்கள், கைப்பிடிச் சுவர்கள், பாலங்கள் எல்லாம் அதே மலையில் பெயர்த்த கல்லாலேயே கட்டப்பட வேண்டும். கல் வேலைக்கு வந்தவர்களில் ரஷ்ய நாட்டுக் கொத்தர்கள் பலர். சாலை எது மலை எது என்று எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குச் சட்டென்று பிரித்தறிய முடியாதபடி இன்றும் இருப்பதற்கு அவர்கள் கைவேலையே காரணம்.

பாறை ஓரிடத்தில் பிளவுபட்டுச் சாலைக்கு அடிநிலம் இல்லாமல் போயிற்று. அங்கே மூன்று வளைவுகள் கொண்ட கற்பாலம் ஒன்றைப் பாறையின் மேல் ஒட்டவைத்தாற்போல் கட்டினார்கள். கீழே வேறோர் இடத்தில் 192 அடி நீளச் சுரங்கவழி. அதன் வெளிப்பக்கச் சுவரில் இரண்டு பெரிய சன்னல்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். உள்ளே நின்று பார்த்தால் எதிரே வானுலகச் சிகரம் சட்டம் போட்ட படம்போல் தெரியும். சுரங்கத்துக்குச் சன்னல் வைக்க வேண்டும் என்று எவருக்கோ தோன்றியதே, அதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

சாலை வேலையில் மூன்று உயிர்கள் போயின. ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாறையில் இறங்குகையில் பிடி நழுவி விழுந்தார். மற்ற இருவரும் மேலிருந்து உருண்ட கல்லால் அடிபட்டவர்கள். இவ்வளவு செங்குத்தான இடத்தில், இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் வழக்கத்துக்கு வராத அக்காலத்தில், மூன்றோடு நின்றது என்று சரித்திரம் எழுதுகிறவர்கள் ஆறுதல் கொள்வதுண்டு. அந்த மூன்று வீடுகளில் அப்படிக் கணக்கிட்டிருக்க மாட்டார்கள்.

1928 இலையுதிர் காலத்தில் மேற்குப் பக்கம் கணவாயை எட்டியது. அவ்வாண்டு நவம்பரில் மேதர் பக்கவாதத்தில் விழுந்தார். 1930 ஜனவரியில் இறந்துபோனார். சாலை வேண்டும் என்று முதலில் சொன்ன லோகனும் இல்லை, வழியைத் தேர்ந்துகொடுத்த மேதரும் இல்லை. கிழக்குப் பக்கம் மட்டும் மீதி இருந்தது. அங்கே 408 அடி நீளச் சுரங்கம் ஒன்றைக் குடைய வேண்டியிருந்தது. நாளொன்றுக்குச் சுமார் ஐந்தடிதான் முன்னேற முடிந்தது. பொருளாதார மந்தம் நாட்டைப் பிடித்தாட்டிய வருஷங்கள் அவை. எவ்வளவு கடினமானாலும் கூலி கிடைக்கும் வேலை என்றால் ஆளுக்குப் பஞ்சமில்லை. 1932 இலையுதிர் காலத்தில் இரு பக்கமும் இணைந்தன. தொடக்கமுதல் முடிவுவரை ஆன செலவு ஏறத்தாழ 25 லட்சம் டாலர்.

திறப்பு விழா 1933 ஜூலை 15ஆம் தேதி கணவாயிலேயே நடந்தது. நாலாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். வேலையற்ற இளைஞர்களுக்காக அவ்வாண்டு புதிதாக அமைத்த அரசாங்க முகாமின் பையன்கள் அவரையும் மிளகாய்ப்பொடியும் இறைச்சியும் சேர்த்துப் பெரிய அண்டாக்களில் சமைத்துப் போட்டார்கள். அன்னதானத்துக்குப் பந்தி எண்ணி அலுத்த நம் சமையற்குழு அன்பர்களுக்கு அந்த உயரத்தில் நாலாயிரம் இலை என்றால் என்ன பாடு என்று தெரியும். மாநில ஆளுநர் பேசினார். பிளாக்ஃபீட், கூட்டனை, ஃபிளாட்ஹெட் என்னும் மூன்று இனத்தாரும் ஒன்றுகூடிச் சமாதானக் குழாயைக் கைமாற்றிப் புகைத்தார்கள். மலையின் இரு பக்கத்தாரான அவர்களுக்குள் முற்காலத்தில் வேட்டை நிலத்துக்காகப் பகை இருந்தது.

இனிப் பெயர். வேலை நடந்த காலமெல்லாம் அதற்கு 'மலைகடந்த நெடுஞ்சாலை' என்ற உப்புச்சப்பில்லாத பெயர்தான். சாலையோரத்தில் 9,642 அடி உயரமுள்ள ஒரு சிகரத்துக்கு 'சூரியனிடம் செல்லும் மலை' என்று பெயர். காங்கிரஸ் உறுப்பினர் லூயி கிராம்டன் அந்தப் பெயரைச் சாலைக்கும் சூட்டலாம் என்றார். மலைக்கு அப்பெயர் எப்படி வந்தது? சூரியனிடமிருந்து இறங்கிவந்து மக்களுக்கு வாழ்க்கை முறைகளைக் கற்பித்த தெய்வ புருஷன் ஒருவன், திரும்பிப் போகையில் தன் சாயலை அச்சிகரத்தில் விட்டுச் சென்றான் என்பது 1933இல் அரசாங்கம் பத்திரிகைகளுக்குக் கொடுத்த கதை. பிளாக்ஃபீட் மக்களோடு நெடுநாள் வாழ்ந்த எழுத்தாளர் ஜேம்ஸ் வில்லர்ட் ஷுல்ட்ஸ், 1880களில் தாமும் ஒரு பிளாக்ஃபீட் நண்பரும் சேர்ந்து வைத்த பெயர் அது என்று எழுதியிருக்கிறார். கதை பழமையானதோ புதியதோ, சூரியன் பிளாக்ஃபீட் மக்களின் தலையாய தெய்வம் என்பதில் ஐயமில்லை. ஆண்டுதோறும் கோடையில் விரதமிருந்து சூரியனுக்கு அவர்கள் எடுக்கும் பெருவிழாவை வெள்ளையர் 'சூரிய நடனம்' என்றழைத்தார்கள். 1883இல் இந்திய விவகாரத் துறை வகுத்த விதிகள் அதைத் தண்டனைக்குரிய குற்றம் ஆக்கின. அந்தக் கெடுபிடியை நீக்கும் ஆணை 1934இல்தான் வந்தது. ஆகவே, சூரியனின் பெயரைச் சாலைக்கு வைத்து, சூரியனை வணங்குகிறவர்களைக் கோலாகலமாக அழைத்து விழா எடுத்த அந்த ஜூலை மாதத்தில், அவர்களுடைய சூரிய வழிபாட்டுக்கு எதிரான விதி ஏட்டில் அப்படியே இருந்தது. இதை எந்த விழா உரையிலும் எவரும் சொல்லியிருக்கப் போவதில்லை. பிற நாட்டில் கோயில் கட்டி வழிபட முடிகிற நமக்கு இது சற்று உறைக்கும்.

சாலையைக் கட்டியது ஒரு பாடு என்றால் ஆண்டுதோறும் திறப்பது இன்னொரு பாடு. குளிர்காலம் முழுவதும் உச்சிப்பகுதி மூடிக் கிடக்கும். ஏப்ரலில் பனிவாரும் யந்திரங்கள் இரு பக்கமும் ஏறத் தொடங்கினால், கணவாயைத் திறந்துவிட ஜூன் நடுவோ ஜூலையோ ஆகிவிடுகிறது. 2011இல் ஜூலை 13ஆம் தேதிதான் திறந்தது. கணவாயின் கிழக்கே 'பெரும் குவியல்' என்றே பெயர் பெற்ற இடத்தில் பனி 80 அடி வரை குவிந்து கிடப்பதுண்டு. சாலை எங்கே இருக்கிறது என்பதையே அளந்து கண்டுபிடித்துத்தான் வார வேண்டும். 1953 மே மாதத்தில் வாரிக்கொண்டிருந்த தொழிலாளர் நால்வர் மேல் பனிச்சரிவு விழுந்தது. இருவர் மாண்டனர். ஒருவரை ஏழு மணி நேரத்துக்கும் மேலாக மூடிக்கிடந்த பிறகு உயிரோடு தோண்டி எடுத்தார்கள். பனியில் முழுதும் புதைந்தவர்களுக்கு முதல் கால்மணி நேரம்தான் நல்ல நேரம். அதன்பின் பிழைப்பவர் தொகை வெகுவேகமாகக் குறைகிறது. கொல்வது குளிர் அன்று, மூச்சுத் திணறல். முகத்துக்கு முன்னால் சிறிதளவு காற்று தங்கும் வெளி இருந்தாலன்றி ஏழு மணி நேரம் தாங்க இயலாது. அவருக்கு அந்த வெளி வாய்த்திருக்க வேண்டும்.

பூங்காவின் சிவப்புப் பேருந்துகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் போய்வந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1936 முதல் 1939 வரை வொயிட் மோட்டார் கம்பெனி செய்த, கித்தான் கூரையைச் சுருட்டித் திறக்கக்கூடிய வண்டிகள் அவை. 33 வண்டிகள் இருக்கின்றன. உலோகம் களைத்துப்போனதால் 1999இல் நிறுத்தி, ஃபோர்டு கம்பெனி பழுதுபார்த்துக் கொடுத்தபின் 2002இல் மீண்டும் ஓடத் தொடங்கின. 1980இல் வெளிவந்த 'தி ஷைனிங்' என்ற திகில் படத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு கார் ஏரிக்கரையோரம் தனியே போகுமே, அதுவும் இந்தச் சாலைதான். படம் பார்த்தவர்கள் அதற்காகப் பயப்பட வேண்டாம்.

1964 ஜூன் வெள்ளத்தில் சாலையின் சில பகுதிகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே வெள்ளத்தில் பிளாக்ஃபீட் நிலத்தில் இரண்டு அணைகள் உடைந்தன. மாநிலத்தில் இறந்த ஏறத்தாழ 30 பேரில் பெரும்பாலோர் அங்கே இருந்தவர்களே. 1985இல் இச்சாலை பொறியியல் வரலாற்றுச் சின்னமாகவும், 1997இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. பனிச்சரிவு இடித்த கைப்பிடிச் சுவர்களைப் பழைய கொத்தர் முறையிலேயே புதுப்பிக்கும் பெரும் பணி இந்த நூற்றாண்டில் பத்தாண்டுக்கு மேல் நடந்தது. 1930களின் காரை மனத்தில் வைத்து வெட்டிய சாலை. ஆகையால் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளை மலைப்பகுதியில் விடுவதில்லை. இன்று ஆண்டுக்கு 30 லட்சம் பேர்போல் பூங்காவுக்கு வருகிறார்கள். நெரிசல் தாளாமல் 2021 முதல் சில கோடைகளில் முன்கூட்டியே அனுமதி பெற்ற கார்களை மட்டும் விட்டுப் பார்த்தார்கள். சாதாரணக் குடும்பம் வந்து போக வேண்டும் என்ற மேதருடைய ஆசை நிறைவேறியதன் பலன் இது.

லோகன் கணவாயில் நின்றால், மேற்கே ஓடும் நீர் பசிபிக் கடலுக்குப் போகிறது. கிழக்கே ஓடும் நீர், எவரும் எதிர்பாராதபடி, கனடாவில் புகுந்து வடக்கே ஹட்சன் விரிகுடாவைச் சேர்கிறது. கிழக்கே சில மைல் இறங்கினால் ஜாக்சன் பனியாறு தெரியும் இடம் வரும். சாலையிலிருந்தே பார்க்கக்கூடிய பனியாறுகள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று. 1966இல் பூங்காவில் பெயர்பெற்ற 35 பனியாறுகள் கணக்கில் இருந்தன. 2015இல் எடுத்த அளவையில் பனியாறு என்று சொல்லத்தக்க பரப்பு எஞ்சியவை 26. பெரியவர்கள் இவ்விடத்தில் காரை நிறுத்திப் பிள்ளைகளை இறக்கிக் காட்டுவது நல்லது.

அங்கிருந்து சாலை செயின்ட் மேரி ஏரியின் கரையோடு நீளமாகப் போகிறது. இடப்பக்கம் தலைக்கு மேலே சூரியனிடம் செல்லும் மலை. ஏரி முடியும் இடத்தில் பூங்காவின் வாயில். வாயிலைத் தாண்டிய சிற்றூரில் பெட்ரோல் கிடைக்கும். 1895இல் விற்றது போக மிஞ்சிய பிளாக்ஃபீட் நிலம் அங்கே தொடங்குகிறது.